'சுபம்' போட்ட கேமுக்கு அடுத்த பாகம் வந்தால்: வாங்கும் முன் என்ன செய்வது?

பெங்களூர் முருகேஷ்பாளையாவில் எட்டு வருடம் பிரவுசிங் சென்டர் நடத்தினேன். 2003-இல் ஆறு கம்ப்யூட்டரோடு ஆரம்பித்தது. எல்லோர் கையிலும் இணையம் வந்த பிறகு மூடிவிட்டு, இப்போது பீன்யாவில் ஒரு பேக்கிங் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். அன்று மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து விளையாடிய பையன்களுக்கு இன்று முன்வழுக்கை, கைக்குழந்தை, வீட்டுக்கடன். ஆனாலும் ஏதாவது பழைய கேமுக்கு அடுத்த பாகம் அறிவித்துவிட்டால் எனக்குத்தான் போன் வரும். "அண்ணா, அந்தக் கதைதான் முடிஞ்சுபோச்சே. இதை வாங்கலாமா?"

ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. நான் எப்படி முடிவு செய்கிறேன் என்று எழுதியே வைத்துவிடுகிறேன். பழைய கேம்களின் முடிவுகள் இதில் பச்சையாக வரும். முடிக்காதவர்கள் முடித்துவிட்டு வாருங்கள்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். தொடரை நீட்டலாமா என்று கம்பெனிக்காரன் நம்மைக் கேட்கப்போவதில்லை. ஓடுகிற குதிரையை எவனும் லாயத்தில் கட்டிவைக்க மாட்டான். நம் கையில் இருப்பது நம் பணம், நம் சனிக்கிழமை ராத்திரி, அப்புறம் நாம் மனதில் வைத்திருக்கிற அந்தப் பழைய முடிவு. பணம் போனால் சம்பாதிக்கலாம். நான் காப்பாற்றப் பார்ப்பது அந்த மூன்றாவதைத்தான்.

அதற்கு, ஒரு கேமை முடித்த அன்றே நோட்டில் நாலு வரி எழுதிவிடுங்கள். சென்டருக்கு வருகிறவர்களின் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் எழுத வைத்திருந்த ரெஜிஸ்டரில் பாதி காலியாகக் கிடந்தது. அதைத்தான் நான் பின்பக்கத்திலிருந்து நிரப்பிக்கொண்டு வருகிறேன். நாயகன் எதைத் தேடிக் கிளம்பினான், கிடைத்ததா, யார் செத்தார்கள், எந்தக் கதவு சாத்தாமல் கிடக்கிறது. அவ்வளவுதான். 'காட் ஆஃப் வார் 3' (2010) முடித்த ராத்திரி எழுதியது இது: "அப்பனைக் கொன்றான். வாளைத் தன் வயிற்றிலேயே செருகிக்கொண்டான். பெயர்ப்பட்டியல் ஓடி முடிந்த பிறகு பார்த்தால் உடலைக் காணோம். ரத்தத் தடம் மட்டும் விளிம்பு வரை போகிறது. திருட்டுப்பயல்கள்."

எட்டு வருடம் கழித்து டிரெய்லர் வரும்போது நமக்குப் பழைய முடிவு மங்கிப்போயிருக்கும். டிரெய்லர் சொல்வதையே பழைய கதை என்று நம்பிவிடுவோம். அதற்குத்தான் நோட்டு.

டிரெய்லரையும் நோட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒன்றைத்தான் கேட்கிறேன்: புதுக் கதை பழைய முடிவிலிருந்து முளைத்ததா, அதை அழித்துவிட்டு வந்ததா?

முளைத்தது என்றால் என்ன என்பதற்கு எங்கள் சென்டரிலேயே உதாரணம் இருந்தது. 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா: தி சாண்ட்ஸ் ஆஃப் டைம்', 2003. கடைசியில் ஃபரா செத்துப்போகிறாள். இளவரசன் காலத்தையே பின்னோக்கி ஓட்டி, எதுவும் நடக்காத ராத்திரிக்குத் திரும்பி, அவள் அறைக்குப் போய் முழுக் கதையையும் சொல்கிறான். அவளுக்கு அவன் யாரென்றே தெரியாது. பெயர் கேட்டால், அவள் அவனிடம் மட்டும் சொன்ன ரகசிய வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போகிறான்: காகோலூகியம். சமஸ்கிருதப் பஞ்சதந்திரத்தின் மூன்றாம் பகுதிக்கு இதே பெயர்தான், காகமும் ஆந்தையும் என்று அர்த்தம். ஃபரா ஒரு இந்திய மகாராஜாவின் மகள் என்பதால் எங்கிருந்தோ தேடிப் பிடித்திருக்கிறார்கள் போலிருக்கிறது. எப்படியோ, அதற்கு மேல் ஒரு முடிவு கிடையாது. மங்களம் பாடியாச்சு.

அடுத்த வருடமே 'வாரியர் வித்தின்' வந்தது. எனக்கு எரிச்சல். பையன்கள் விளையாட ஆரம்பித்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. காலத்தைத் திருப்பினானே, சாக வேண்டியவன் சாகாமல் தப்பினானே, அந்தக் கணக்கை வசூலிக்க தஹாகா என்று ஒன்று துரத்துகிறது. அது வந்தால் திரையில் நிறமே மாறும். பையன் மூச்சு விடாமல் ஓடுவான், பின்னால் நிற்கிற நாலு பேரும் சேர்ந்து கத்துவார்கள். தண்ணீர்த் திரையைத் தாண்டிவிட்டால் தஹாகாவால் வர முடியாது, அப்போதுதான் கீபோர்டிலிருந்து கையை எடுப்பான். மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில், முன்னால் ஓட அழுத்துகிற டபிள்யூ எழுத்தே அழிந்துபோனது. சண்டையும் ரத்தமும் எனக்கு அதிகம்தான், இளவரசனும் எப்போதும் கடுகடு என்றே இருப்பான். ஆனால் முதல் பாகத்தின் அழகான முடிவுக்கு ஒரு விலை இருந்தது என்று சொன்ன கதை அது. முடிவைத் தொட்டது, உடைக்கவில்லை.

2018-இல் வந்த 'காட் ஆஃப் வார்' கூட அப்படித்தான். அதே நாயகன், கிரேக்கத்தை விட்டு வட ஐரோப்பியப் பனியில் தாடியோடு, மனைவியின் அஸ்தியை மலையுச்சியில் தூவ மகனோடு போகிறான். பழைய மூன்று பாகத்திலும் அவன் செய்த கொலைகள்தான் இப்போது மகனிடம் மறைக்கிற விஷயம். ரெஜிஸ்டரில் அடித்துத் திருத்த வேண்டிய வரி ஒன்றுகூட இல்லை.

அழித்துவிட்டு வந்ததற்கு 'ஹேலோ'வைச் சொல்வேன். 2012-இல் நாலாம் பாகத்தின் கடைசியில், நாயகன் மாஸ்டர் சீஃபுக்குத் துணையாக வரும் செயற்கை அறிவான கார்ட்டானா தன்னையே கொடுத்து அவனைக் காப்பாற்றிவிட்டுப் போகிறாள். கண் கலங்கிவிட்டது. 2015-இல் ஐந்தாம் பாகத்தில் அவளே திரும்பி வருகிறாள், அதுவும் எதிரியாக. செத்தவர் திரும்பி வருவது நம் டிவி சீரியலில் வாடிக்கை, அதில் எனக்குக் கோபமில்லை. நான் துக்கம் காத்த மூன்று வருடத்தைப் பொய்யாக்கியதில்தான் கோபம்.

முடிவைத் தொடாமலே தள்ளிப்போகிற பாகமும் உண்டு. யோசிக்காமல் வாங்கச் சொல்வது இதைத்தான். 'அன்சார்ட்டட் 4' (2016) நேதன் டிரேக்கின் கதையைப் பூட்டிச் சாவியையும் கடலில் போட்டது. கடைசியில் அவன் மகளையே வளர்ந்தவளாகக் காட்டிவிட்டார்கள். மறுவருடம் வந்த 'தி லாஸ்ட் லெகஸி'யில் அவன் இல்லை. குளோயி ஃப்ரேசர், நம் மேற்குத் தொடர்ச்சி மலையில், பிள்ளையாரின் தந்தத்தைத் தேடி ஜீப் ஓட்டுகிறாள். பரசுராமரோடு சண்டையில் தந்தம் உடைந்த கதை, ஹொய்சாளர் கட்டிய பாழ் நகரங்கள், யானை சவாரி எல்லாம் உண்டு. அந்த நகரங்கள் கற்பனைதான். ஆனால் பேலூரும் ஹளேபீடும் இங்கிருந்து இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான். விளையாடி முடித்த கையோடு அக்கா பையனைக் கூட்டிக்கொண்டு மெஜஸ்டிக்கில் ஹாசன் பஸ் ஏறினேன். ஹளேபீடு கோயிலின் அடிவரிசையில் யானைகள், ஒன்றன் பின் ஒன்றாக, மாக்கல்லில். பையன் குனிந்து ஒவ்வொரு யானைக்கும் தந்தம் முழுசாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனான். காவலர் வந்து எழுப்பினார்.

பின்னோக்கிப் போகிற பாகத்துக்கும் பயப்பட வேண்டாம். 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன்' 1911-இல் நடக்கிறது, எட்டு வருடம் கழித்து வந்த இரண்டாம் பாகம் 1899-இல். முதல் பாகத்தின் நாயகன் ஜான் மார்ஸ்டனுக்கு என்ன நேரும் என்று தெரிந்தே விளையாடுவதுதான் அதன் வலி.

சிக்கல் எங்கே என்றால், முடிவை நம் கையில் விட்ட கேம்களில். 'மாஸ் எஃபெக்ட்' மூன்று பாகத்துக்கும், நாம் எடுத்த முடிவுகள் பதிந்திருக்கிற சேவ் ஃபைலைத் தூக்கிக்கொண்டே வந்தது. 2012-இல் முடிவு வந்ததும் ரசிகர்கள் போட்ட கூச்சலில், சில மாதத்திலேயே முடிவை விரித்துச் சொல்லும் இலவசச் சேர்க்கையைக் கொடுத்தார்கள். அடுத்த கதைக்கு எந்த முடிவை உண்மை என்று எடுப்பது? 2017-இல் வந்த 'ஆண்ட்ரோமிடா' அறுநூறு வருடம் தாண்டி வேறு விண்மீன் மண்டலத்துக்கே ஓடிவிட்டது. புத்திசாலித்தனம்தான், ஆனால் பழைய சிநேகிதர்கள் ஒருத்தரும் இல்லாத ஊருக்கு மாற்றலாகிப் போன மாதிரி இருந்தது எனக்கு. இந்த வகை என்றால் பாதி விலைக்கு வரும்வரை பொறுங்கள்.

அடுத்து, யார் செய்கிறார்கள் என்று பாருங்கள். பெட்டியில் இருக்கிற பெயர் அதேதான் இருக்கும், சமையல்காரர் மாறியிருப்பார். 'ஹேலோ'வின் முதல் மூன்று பாகங்களைச் செய்தது பங்கி. நாலாம் பாகத்திலிருந்து 343 இண்டஸ்ட்ரீஸ். 'காட் ஆஃப் வார்' இடம் மாறினாலும் சாண்டா மோனிகா ஸ்டுடியோவில்தான் இருந்தது. 2018-இன் இயக்குநர் கோரி பார்லாக்தான் 2007-இல் இரண்டாம் பாகத்தையும் இயக்கியவர். ஆள் மாறினால் வாங்காதே என்று சொல்லவில்லை, முதல் நாளே வாங்காதே என்கிறேன்.

வாங்குவது பற்றி ரெண்டு வார்த்தை. ஸ்டீம் என்கிற ஆன்லைன் கேம் கடையில் என்றால் வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பக் கேட்கலாம். கதை சரியில்லை என்று கண்டுபிடிக்க அந்த நேரம் போதும். ஆனால் நிறுத்திவைத்துவிட்டுச் சாப்பிடப் போனாலும் கடிகாரம் ஓடும், கேமையே மூடிவிட்டுப் போங்கள். டிஸ்க் என்றால் பழையது வாங்கி, முடித்துவிட்டு விற்றுவிடலாம். கடையிலேயே பெட்டியைத் திறந்து பார்ப்பது முக்கியம். நான் ஒருமுறை மழைக்குப் பயந்து பார்க்காமல் வந்துவிட்டேன், வீட்டில் திறந்தால் உள்ளே கிரிக்கெட் கேம்.

வாங்கியாச்சு, பிடிக்கவில்லை. அப்போது என்ன? காசு கொடுத்தோமே என்று கடைசிவரை போகாதீர்கள். நிறுத்திவிட்டு, அன்று ராத்திரியே பழைய பாகத்தின் கடைசி அத்தியாயத்தை மட்டும் ஒருமுறை விளையாடுங்கள். கஷாயம் குடித்த வாயில் கொஞ்சம் வெல்லம் போடுகிற மாதிரி.

இவ்வளவு சொன்னாலும், முடிந்த கதையை நீட்டுவதைவிட எனக்கு ஆறாத கோபம் முடிக்காமல் விட்டவர்கள் மேல்தான். 'ஹாஃப் லைஃப் 2'-இன் இரண்டாம் எபிசோடு 2007-இல் ஒரு மகள் அப்பாவின் உடலைக் கட்டிக்கொண்டு அழுவதோடு நின்றது. மூன்றாம் எபிசோடு வரவேயில்லை. 2020-இல் 'அலிக்ஸ்' வந்தது, அதைப் பார்க்கத் தலையில் தனியாக ஒரு கருவி மாட்ட வேண்டும்.

போன மாதம் பழைய பையன் ஒருவன் கூப்பிட்டான். 'விட்சர்' நாலாம் பாகத்தில், பழைய நாயகன் ஜெரால்ட்டின் வளர்ப்பு மகள் சிரிதான் நாயகி என்று 2024 டிசம்பரில் அறிவித்தார்களே, அது பற்றி. ரெஜிஸ்டரைப் புரட்டினேன். மூன்றாம் பாகத்தில் அவளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முடிவுகள் உண்டு. என் பக்கத்தில் "சிரி மகாராணி ஆகிறாள், ஜெரால்ட் திரும்பிப் பார்க்காமல் போகிறான்" என்று இருக்கிறது. புது டிரெய்லரிலோ அவள் வாளைத் தூக்கிக்கொண்டு பேய் வேட்டைக்குப் போகிறாள்.

"உன் கேம்ல என்ன ஆனா?" என்று கேட்டேன்.

"செத்துட்டாண்ணா. நான்தான் தப்பா ஏதோ பண்ணிட்டேன்."

அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டேன். கேம் வந்து ஒரு மாதம் கழித்துக் கூப்பிடு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.