கிரேக்கக் காசில் இருப்பது யார்? முகத்தை விட்டுவிட்டுப் பாருங்கள்

பழைய கிரேக்க வெள்ளிக்காசு கையில் கிடைத்தால் எல்லோரும் முதலில் முகத்தைத்தான் உற்றுப் பார்க்கிறார்கள். பிரயோசனமில்லை. இளைஞன் என்றால் ஒரே மூக்கு, ஒரே கன்னம் என்றுதான் பெரும்பாலும் அச்சு வெட்டியிருப்பார்கள். தலையில் என்ன, கையில் என்ன, காலடியில் என்ன என்று பாருங்கள். நான் நகைப் பட்டறையில் வளர்ந்தவள், லென்ஸ் இல்லாமல் எதையும் தொடமாட்டேன். உங்களுக்கு அதுகூட வேண்டாம்; அமெரிக்க நாணயவியல் கழகத்தின் இணையத் தொகுப்பில் படங்களை இலவசமாகவே பார்க்கலாம்.

அலெக்சாந்தரின் நான்கு திராக்மா (கிரேக்க நாணய அலகு) காசில் தொடங்குங்கள். எடை 17 கிராமுக்குச் சற்று மேல். பேர் அலெக்சாந்தர் என்று பொறித்திருப்பதால் தலையும் அவருடையது என்று நினைத்துவிடுவோம். நெற்றிக்கு மேலே பாருங்கள்: சிங்கத்தின் மேல்தாடை. கழுத்தடியில் முடிச்சுப் போட்டிருப்பது அதன் முன்னங்கால்கள். நெமேயாச் சிங்கத்தை நெரித்துக் கொன்று தோலைப் போர்த்திக்கொண்ட கிரேக்கப் புராண வீரன் ஹெராக்ளிஸ் இவர். பின்பக்கம் கையில் கழுகோடு உட்கார்ந்திருப்பவர் தேவர்களின் அரசன் ஸேயுஸ். கிமு 323இல் அலெக்சாந்தர் இறந்த பிறகும் பல நகரங்கள் இதே காசை அடித்தன. எந்த ஊர் என்பதற்கு ஸேயுஸின் முன்னாலும் ஆசனத்தின் அடியிலும் இருக்கும் சின்னக் குறிகளைத் தேட வேண்டும்.

இறக்கை முளைத்த குதிரை என்றால் பெகாஸஸ். அதோடு நிறுத்தாதீர்கள், வயிற்றுக்குக் கீழே பாருங்கள். ஒரு வட்டம், அதன் அடியில் ஒரு குச்சி இருந்தால் அது 'கொப்பா' என்ற பழைய எழுத்து, ஊர் கொரிந்து. அங்கே பெய்ரேனே ஊற்றில் தண்ணீர் குடிக்க வந்த குதிரையைத்தான் பெல்லரோஃபோன் என்ற வீரன் பிடித்ததாகக் கதை. அம்பிராகியா, லியூகாஸ் போன்ற கொரிந்தியக் குடியேற்றங்களும் இதே குதிரையை அடித்தன. கொப்பாவுக்குப் பதில் தங்கள் முதல் எழுத்து. மறுபக்கத் தலைக்கவசத்தைப் பார்த்துப் படைவீரன் என்று எழுதிவிடாதீர்கள். அது அதீனா தேவி.

பெல்லரோஃபோன் கொன்ற கிமேராவைப் பார்க்கப் பக்கத்து ஊரான சிகியோனுக்குப் போக வேண்டும். சிங்க உடல், முதுகில் ஆட்டுத் தலை, பாம்பு வால். தேய்ந்த காசில் ஆடும் பாம்பும் மழுங்கி வெறும் சிங்கமாகத் தெரியும். சந்தேகம் வந்தால் திருப்புங்கள்: புறா இருந்தால் சிகியோன்.

எனக்குப் பிடித்தது கிரீட் தீவின் ஃபைஸ்டோஸ் காசுதான். ஹெராக்ளிஸ் கதாயுதத்தை ஓங்கி, பல தலைப் பாம்பான ஹைட்ராவின் கழுத்தைப் பிடித்திருப்பார். சில அச்சுகளில் காலடியில் ஒரு நண்டும் உண்டு. அலங்காரம் இல்லை அது. ஹைட்ராவுக்குத் துணையாக ஸேயுஸின் மனைவி ஹீரா அனுப்பிய நண்டு. இந்த அளவுக்குக் கதை தெரிந்த கைக்கு நான் கும்பிடு போடுவேன். அதே ஊரில் இன்னொரு காசு: இறக்கையோடு கல்லெறியும் இளைஞன். தீவைக் காவல் காத்த வெண்கல மனிதன் டாலோஸ், பேரே பொறித்திருக்கும்.

அதே கிரீட்டில் இருந்த கினோசோஸ் நகரின் பழைய காசில் காளைத்தலை மினோடார் மண்டியிட்டதுபோல் தெரியும். அவன் மண்டியிடவில்லை, ஓடுகிறான். ஓட்டத்தை அக்காலத்தில் அப்படித்தான் காட்டினார்கள். பின்பக்கக் கோலம், அவனை அடைத்துவைத்த புதிர்ச்சுற்று.

பாம்புக் கூந்தல் அரக்கி மெடூசாவின் முகத்தை வைத்துக் காலத்தையும் உத்தேசமாகச் சொல்லலாம். மாசிடோனியக் கடற்கரை நியாபோலிஸின் பழைய காசுகளில் நாக்கு வெளியே, பல் வெளியே. நூற்றாண்டுகள் போகப்போகப் பாம்புக் கூந்தல் மட்டும் மிஞ்சி, அழகான பெண்ணாகிவிடுகிறாள்.

வாங்குவதாக இருந்தால் விளிம்பிலிருந்து ஆரம்பியுங்கள். இவை சுத்தியலால் அடித்த காசுகள். படம் ஒருபக்கம் ஒதுங்கியிருப்பதும் விளிம்பு வெடித்திருப்பதும் சகஜம். விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு, பரப்பில் குமிழிக் குழிகள் தெரிந்தால் அச்சில் ஊற்றிய வார்ப்பு வேலை, அதாவது போலி. அப்புறம் தராசில் வையுங்கள். கொரிந்துக் குதிரை 8.6 கிராமை ஒட்டி நிற்க வேண்டும். ஏழு காட்டினால் காரணம் கேளுங்கள், விற்பவர் மழுப்பினால் காசைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.