நாள்பட்ட நோயோடு வரைபவரை ஊக்கப்படுத்தும்போது தவிர்க்க வேண்டியவை

தீராத நோயோடு இருக்கும் ஒருவர் ஆசைக்காகப் படம் வரைகிறார் என்று தெரிந்ததும் பலர் சொல்வது, "நல்லது, வரைந்தால் வலியெல்லாம் மறந்துபோகும்" என்பதுதான். வரையும்போது கவனம் திரும்பி வலி சற்றே பின்னால் போவது உண்டு. ஆனால் அதையே மருந்துபோலச் சொல்லிவிட்டால், வரைந்தும் வலி குறையாத நாளில் அவர் தன்னையே நொந்துகொள்வார். வரையப் பிடித்திருக்கிறது, வரைகிறார். அந்தக் காரணம் போதும்.

இதைவிடப் பெரிய தவறு, புகழ்பெற்ற ஓவியர்களைக் காட்டி, "அவர்களாலேயே முடிந்தது, உன்னால் முடியாதா?" என்று கேட்பது. 1925இல் பேருந்து விபத்தில் முதுகெலும்பு முறிந்த ஃப்ரீடா காலோவைச் சொல்வார்கள். படுத்தபடியே வரைய அவருக்குத் தனியாக ஈஸல் (படத்தைத் தாங்கும் சட்டம்) செய்து தந்ததையும், தன் முகத்தைப் பார்த்து வரையக் கட்டிலுக்கு மேலே கண்ணாடி பொருத்தியதையும் விட்டுவிடுவார்கள். முடக்குவாதத்தால் விரல்கள் மடங்கிப்போன ரெனுவாருக்குத் தூரிகையைக் கையில் வைத்துக்கொடுக்க ஆள் இருந்தது. 1941இல் பெரிய அறுவை சிகிச்சைக்கு ஆளான மத்தீஸ், பிறகு வண்ணத்தாள்களைக் கத்தரித்தே படங்களை உருவாக்கினார். அந்தத் தாள்களுக்கு வண்ணம் பூசித் தந்தவர்கள் உதவியாளர்கள். இவர்களின் மன உறுதியை நான் குறைத்துச் சொல்லவில்லை. கூட இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் ஊக்கப்படுத்த நினைப்பவருக்குப் பாடம்.

ஓவியர் பால் கிளேயின் கணக்கை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். 1935இல் அவர் நோயில் விழுந்தார். மறு ஆண்டு முழுவதும் சேர்த்தே ஏறக்குறைய 25 படைப்புகள்தான். 1939இல் 1,200க்கும் மேல். அந்த 1,200ஐ எடுத்துச் சொல்பவர்கள் 25ஐயும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கை ஓய்ந்திருந்த அந்த ஆண்டிலும் அவர் ஓவியர்தான்.

அடுத்து, நல்ல நாட்களில் நாம் செய்யும் தவறு. இன்று முகம் தெளிவாக இருக்கிறதே என்று, "இன்னும் கொஞ்சம் வரை, முடித்துவிடு" என்று உற்சாகப்படுத்துவோம். நாள்பட்ட சோர்வு நோய் போன்றவற்றில் அளவுக்கு மீறிய உழைப்பின் பாதிப்பு அன்றே தெரியாது. ஒரு நாள், இரண்டு நாள் கழித்து ஆளைச் சாய்த்துவிடும். தெம்பு மீதமிருக்கும்போதே நிறுத்துவது அவர் பட்டுக் கற்றுக்கொண்ட பழக்கம். அதைச் சோம்பல் என்றோ ஆர்வக்குறைவு என்றோ எண்ண வேண்டாம். "நேற்று நன்றாகத்தானே இருந்தாய்?" என்ற கேள்வியை அறவே விட்டுவிடுங்கள். "அடுத்த படம் எப்போது?" என்பதும் அன்பாகக் கேட்டாலும் தவணை குறிப்பது போலத்தான் விழும்.

பாராட்டிலும் கவனம் தேவை. "இந்த நிலைமையிலும் இவ்வளவு அழகாக வரைந்திருக்கிறாயே!" என்றால் அவர் காதில் முதலில் விழுவது 'இந்த நிலைமை'. அதற்குப் பதில் படத்தைப் பாருங்கள். நிழலுக்கு ஏன் ஊதா போட்டாய், இந்தக் கோட்டை மட்டும் ஏன் அழுத்தினாய் என்று கேளுங்கள். பிடிக்காத இடம் இருந்து, அவரும் கருத்துக் கேட்டால், சொல்லுங்கள். நோயாளி என்பதற்காக எல்லாவற்றையும் 'பிரமாதம்' என்பது அவரை ஓவியராக மதிப்பது ஆகாது.

பரிசு வாங்கும் முன் கேட்டுவிடுங்கள். எண்ணெய் வண்ணத்தைக் கரைக்கும் டர்பன்டைனின் வாடை ஆஸ்துமாவையும் ஒற்றைத் தலைவலியையும் கிளறலாம். பேஸ்டல் என்ற வண்ணக் கட்டியின் தூள் மூச்சுக்கு ஆகாது. கனமான ஈஸலைவிட மடியில் வைக்கும் அட்டை உதவும். விரல் மூட்டு வலிப்பவருக்குப் பென்சிலின் பிடியைப் பஞ்சுறை சுற்றித் தடிமனாக்கினால் இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. பாதியில் வைத்துவிட்டுப் போக வேண்டியவருக்கு வாட்டர் கலர் வசதி. தட்டில் காய்ந்தாலும் தண்ணீர் தொட்டால் கரையும். அக்ரிலிக் காய்ந்தால் காய்ந்ததுதான். பொருட்களை எடுத்து வைப்பதிலும் பிரஷ் கழுவுவதிலுமே பாதித் தெம்பு போய்விடும். அந்த வேலையை நீங்கள் ஏற்றுக்கொண்டால், மீந்த தெம்பு வரைவதற்குக் கிடைக்கும்.

விற்கலாமே, கண்காட்சி வைக்கலாமே என்ற யோசனைகளை அவராகக் கேட்டால் தாராளமாகச் சொல்லுங்கள். கேட்காதவரிடம் அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம்.