சவுடு குவாரிக் கழிவு மேடு: கன்று நடும் முன்பே நடக்கும் தவறுகள்

ராமநாதபுரம் கடலோரத்தில் சவுடு (மணல் கலந்த நிரப்பு மண்) தோண்டும் குவாரிகளின் கழிவு மண் இரண்டுக்குத் தாக்குப்பிடிக்க வேண்டும்: வைகாசி தொடங்கி மணலை வாரும் கச்சான் காற்று, ஐப்பசியில் கொட்டித் தீர்க்கும் மழை. மேடு கரைந்தால், அதைப் பிடித்து நிறுத்த நட்ட கன்றைக் குறை சொல்கிறார்கள். தவறு பெரும்பாலும் கன்றுக்கு முந்தியது.

லாரி கொட்டிய மணல் சுமார் 35 பாகைச் சரிவில் நிற்கும். அதில் புல் வேர்விடும் முன் மழை முந்திக்கொள்ளும். ஓர் அடி உயரத்துக்கு மூன்றடி கிடைத்தூரம் என்று சரிவைத் தணியுங்கள். இடமில்லாவிட்டால் இரண்டடியாவது வேண்டும். 5 மீட்டர் உயரத்துக்கு ஒரு படி (தட்டையான திட்டு) விட்டு, அதை மேட்டின் உள்பக்கம் சாய்க்க வேண்டும். வெளியே சாய்ந்தால் தண்ணீர் ஓரிடத்தில் உடைத்துக்கொண்டு இறங்கும். உச்சியில் வரப்புக் கட்டி, கல் பதித்த வாய்க்காலில் மட்டும் நீரை இறக்குங்கள்.

செயின் வண்டியை (புல்டோசர் போன்றவை) சரிவின் குறுக்கே ஓட்டினால் பல் தடம் மேலிருந்து கீழாக விழும், ஒவ்வொன்றும் ஓடையாகும். ஏறி இறங்கி ஓட்டினால் தடம் குறுக்கே விழுந்து நீரையும் விதையையும் தேக்கும். மெழுகியதுபோன்ற சரிவு ஒப்பந்தக்காரருக்குத்தான் அழகு.

மண்ணில் உப்பு என்றதும் ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) கொட்டுவது வீண்செலவு. மண்ணின் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸைத் தாண்டி, கார அமில நிலை (pH) 8.5-க்குள் இருந்தால் அது உவர் மண்; மழைநீரைத் தேக்கிக் கழுவினால் போதும். 8.5-ஐத் தாண்டி, நனைந்தால் குழைந்து காய்ந்தால் பாளமாக இறுகும் களருக்குத்தான் ஜிப்சம். இரண்டுக்கும் மண் பரிசோதனை முதலில்.

வெட்டிவேரை அங்கொன்றும் இங்கொன்றுமாக நடாதீர்கள். மட்டம் பார்த்த கோட்டில் 15 செ.மீ. இடைவெளியில், குழிக்கு மூன்று தூர் வையுங்கள். ஓரிடம் விட்டுப்போனால் அந்த வாய் வழியாகவே மண் போகும். வரிசைகளுக்கிடையே கொழுக்கட்டைப் புல் விதைக்கலாம். கடலைப் பார்த்த மணல் முகத்துக்கு அடம்புக் கொடியும் ராவணன் மீசைப் புல்லும்தான். புரட்டாசிக் கடைசியில், பெருமழைக்கு முன் நட்டு முடிக்க வேண்டும். தூறல் தவறினால் நல்ல தண்ணீர் விடுங்கள். உப்பு போர் தண்ணீர் வேண்டாம்.

மண் அரிக்காமல் சரிவில் விரிக்கும் தென்னை நார் வலையைக் கட்டில் போல இழுத்துக் கட்டாதீர்கள். அடியில் இடைவெளி விழுந்து நீர் ஓடும். மண்ணோடு படிந்திருக்க வேண்டும். மேல்முனையை 30 செ.மீ. பள்ளத்தில் புதையுங்கள்.

வெறும் சவுக்கு போதாது. சருகடியில் புல் வராது.

ஆட்டுக்கு வேலி கட்டாயம். சீமைக்கருவேல் முள்ளே போதும், காய் பிடித்த கிளையை மட்டும் தவிர்த்துவிடுங்கள், வேலியே விதைத்துவிடும்.