டெங்குக் கொசுவைச் சாக்கடையில் தேடாதீர்கள்

தெருவில் யாருக்காவது டெங்கு என்று தெரிந்தால் முதல் பேச்சு சாக்கடையைப் பற்றித்தான். "இப்படி நாறுது, கொசு வராம என்ன செய்யும்?" வரும்தான், ஆனால் அது வேறு கொசு. சாக்கடையில் பெருகும் கியூலெக்ஸ் இரவில் கடிக்கும், யானைக்கால் நோயைப் பரப்பும். டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. அது முட்டையிடத் தேடுவது பெரும்பாலும் தெளிந்த தண்ணீரை, அதாவது நாம் குடத்திலும் டிரம்மிலும் பிடித்து வைத்திருப்பதை. சாக்கடையைத் தூர்வாரட்டும், நல்லதுதான். அதோடு டெங்கு ஒழிந்தது என்று நினைப்பதுதான் தப்பு.

மழைக்காலத்தில் மட்டும் பயப்படுவது இன்னொரு தவறு. மழை பெய்தால் டயரிலும் கொட்டாங்குச்சியிலும் பழைய ஆட்டுக்கல்லிலும் தண்ணீர் நிற்கும். அது எல்லோருக்கும் தெரியும். மழை இல்லாதபோதும் கொசு பெருகும் என்பதுதான் பலருக்குப் புரிவதில்லை. குழாயில் நான்கு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வந்தால் மக்கள் என்ன செய்வார்கள்? இருக்கிற பாத்திரத்தில் எல்லாம் பிடித்து வைப்பார்கள். 2012இல் தமிழ்நாட்டில் 12,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது. அந்த ஆண்டு முதலில் பலமாக அடிவாங்கியது கடையநல்லூர் உள்ளிட்ட திருநெல்வேலிப் பக்கம், அதுவும் வடகிழக்குப் பருவமழைக்கு வெகு முன்பே. இந்த நோயில் குடிநீர் வாரியத்துக்கும் பங்கு உண்டு என்று சொன்னால் சுகாதாரத் துறை கோபித்துக்கொள்ளாது என்று நினைக்கிறேன்.

சரி, டிரம் இல்லாமல் முடியாது. அப்போது அதை எப்படி வைத்திருக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நெளியும் புழுவைப் பார்த்ததும் தண்ணீரைக் கொட்டிவிட்டு, உடனே அடுத்த தண்ணீரைப் பிடிப்பார்கள். எங்கள் வீட்டிலும் பல வருடம் இதைத்தான் செய்தோம். ஏடிஸ் முட்டையிடுவது தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான பக்கச் சுவரில். கறுப்புப் புள்ளிகளாக ஒட்டிக்கொண்டிருக்கும். டிரம்மைக் கவிழ்த்தாலும் அவை போகாது, காய்ந்தே மாதக்கணக்கில் கிடக்கும். திரும்பத் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். பிறகு நம் ஊர் வெயிலுக்கு ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். வாரம் ஒருமுறை நார் போட்டு உட்புறத்தைத் தேய்த்துக் கழுவச் சொல்வது இதனால்தான். மூடியில் இடுக்கு இருந்தால் அதுவும் பயனில்லை. பழைய வேட்டித் துணியை இழுத்துக் கட்டுவது மேல்.

அப்புறம் புகை. வண்டி வந்து புகை அடித்தால் மனசுக்கு ஒரு நிம்மதி, அவ்வளவுதான். புகை அடிக்கும்போது நாம் ஜன்னலைச் சாத்துகிறோம். ஏடிஸ் கொசுவோ உள்ளே கட்டிலுக்கு அடியிலும் தொங்கும் துணிகளுக்குப் பின்னாலும் உட்கார்ந்திருக்கிறது. வெளியே பறப்பவற்றில் சில சாகும். டிரம்மில் இருக்கும் புழுவுக்கு ஒன்றும் ஆகாது.

எனக்கு அதிகம் எரிச்சல் தருவது பழி போடும் பேச்சு. "குடிசைப் பகுதியிலிருந்துதான் வருது", "வடமாநிலத் தொழிலாளிகள்தான் மலேரியாவைக் கொண்டுவந்தாங்க" என்பார்கள். வேலைக்கு வருபவர் உடம்பில் மலேரியாக் கிருமி இருக்கலாம். ஆனால் அதை அடுத்தவருக்குக் கடத்த இங்கே கொசு வேண்டுமே! சென்னையில் மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் ஸ்டீபன்சி, கிணற்றிலும் மூடாத மாடித் தொட்டியிலும் வளர்வது. தொழிலாளி கொசுவலைகூட இல்லாமல் படுத்திருக்கும் கட்டடத்தில், லிஃப்ட் குழியிலும் தளத்தில் பாத்தி கட்டித் தேக்கிய தண்ணீரிலும் கொசு பெருகுவதற்கு அவரா பொறுப்பு? வாடகை வீட்டில் உடைந்த தொட்டி மூடியை மாற்ற வேண்டியதும் குடியிருப்பவர் அல்ல.

வசதியான வீட்டிலும் இடம் இருக்கிறது: ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சேரும் தட்டு, ஏ.சி. தண்ணீர் விழும் வாளி, மணி பிளான்ட் பாட்டில். ஏடிஸ் பொதுவாகச் சில நூறு மீட்டருக்கு மேல் பறப்பதில்லை. அதனால் உங்களைக் கடித்தது உங்கள் வீட்டிலோ நாலு வீடு தள்ளியோ பிறந்ததாகத்தான் இருக்கும். பூட்டிக் கிடக்கும் பக்கத்து வீட்டு மொட்டைமாடியையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

காய்ச்சல் வந்தபின் செய்யும் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். விடாத வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறில் ரத்தம் என்று எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் இரண்டும் ரத்தக்கசிவை அதிகமாக்கும், தொடக்கூடாது. "காய்ச்சல் விட்டுடுச்சு" என்று கூலி வேலைக்குக் கிளம்புபவர்களை நிறையப் பார்க்கிறோம். ஒருநாள் சம்பளம் போனால் அடுப்பு எரியாதவரிடம் ஓய்வெடுங்கள் என்று சொல்வது சுலபம்.

கொசுப்புழு தேடி டார்ச்சோடு வரும் பெண்ணை "நாளைக்கு வாம்மா" என்று வாசலோடு அனுப்பாதீர்கள். பின்கட்டு வரை கூட்டிப் போங்கள். ஃபிரிட்ஜையும் கொஞ்சம் நகர்த்திக் காட்டுங்கள்.