மாஜாங்கில் பருவக் காய்கள்: ஜோக்கர் இல்லை, போனஸ்

ரம்மி ஆடிப் பழகியவர்களுக்கு மாஜாங் என்ற சீனக் காய் விளையாட்டு சீக்கிரம் பிடிபட்டுவிடும். கையில் 13 காய், ஒன்றை எடுத்து ஒன்றைப் போட வேண்டும், வரிசையாகவோ ஒரே மாதிரியாகவோ சேர்க்க வேண்டும். நம் சென்னை வீடுகளில் புதிதாக ஆடுகிறவர்கள் தடுமாறுவது பருவக் காய் வரும்போதுதான். ஜோக்கர் கிடைத்துவிட்டது என்று கைக்குள் வைத்துக்கொள்வார்கள். பருவக் காய் எந்தக் காய்க்கும் பதிலாக நிற்காது, எந்தச் சேர்க்கையிலும் சேராது. மேசைமேல் முகம் தெரிய வைக்க வேண்டிய போனஸ் காய் அது.

முழு செட்டில் 144 காய்கள். அவற்றில் 136 ஆட்டக் காய்கள், ஒவ்வொன்றும் நான்கு நான்காக இருக்கும். மீதி 8 போனஸ்: நான்கு பருவம், நான்கு பூ, எல்லாமே ஒற்றைக் காய். வசந்தம் 1, கோடை 2, இலையுதிர் காலம் 3, குளிர்காலம் 4. பூக்களில் பிளம் 1, ஆர்க்கிட் 2. சாமந்தியும் மூங்கிலும் செட்டுக்குச் செட் 3, 4 என்று இடம் மாறும் என்பதால் படத்தை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள்.

எண் அச்சிடாத செட் என்றால் சீன எழுத்தை வைத்தே பருவத்தைக் கண்டுபிடிக்கலாம். அடியில் நடுக்கோடு போட்ட சின்னப் பெட்டி இருந்தால் வசந்தம். அடியில் இரண்டு சிறு கோடுகள் இருந்தால் குளிர்காலம். இடம் வலம் என்று இரண்டாகப் பிரிந்து நிற்பது இலையுதிர் காலம். மிச்சம் கோடை. பறவை வரைந்த காயைப் பூவோடு சேர்த்துவிடாதீர்கள். அது மூங்கில் வரிசையின் 1, செட்டில் நான்கு இருக்கும்.

அடுத்தது இருக்கை, ஏனென்றால் மதிப்பெண் போடும்போது போனஸ் காயின் எண்ணை உங்கள் இருக்கையின் எண்ணோடு ஒப்பிடுவோம். டீலர்தான் கிழக்கு. அவருக்கு வலப்பக்கம் தெற்கு, எதிரே மேற்கு, இடப்பக்கம் வடக்கு. மெரினா இருக்கும் பக்கம் கிழக்கு என்று யோசித்தால் குழப்பம்தான், ஏனென்றால் மேசைத் திசைகள் வரைபடத்துக்கு எதிர்ச்சுற்றில் போகும். கிழக்குக்கு 1, தெற்குக்கு 2, மேற்குக்கு 3, வடக்குக்கு 4. டீலர் மாறினால் எல்லோருடைய திசையும் மாறும், கூடவே உங்கள் எண்ணும் மாறும். போன ஆட்டத்தின் எண்ணிலேயே கணக்குப் போடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு.

இனி காய் கைக்கு வரும்போது செய்ய வேண்டியது. பங்கிட்டு முடிந்ததும், 13 காய் வாங்கியவருக்கு ஒரு போனஸாவது வந்திருக்கும் வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல். அதனால் டீலர் முதல் காயைப் போடும் முன், அவரிலிருந்து தொடங்கி வலப்பக்கமாக ஒவ்வொருவரும் தங்கள் போனஸ் காய்களை வெளியே வைத்து, அத்தனை மாற்றுக் காய்களை மதிலின் வால் பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும். இரண்டிரண்டாக அடுக்கிக் கவிழ்த்து வைத்த காய் வரிசைதான் மதில், வழக்கமாகக் காய் எடுக்கும் முனைக்கு எதிர்முனைதான் வால். மாற்றாக வந்ததும் போனஸாகவே இருந்தால் உடனே மாற்றுவதா, மற்றவர்கள் முடித்த பிறகா என்பதை ஆட்டத்துக்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். நடு ஆட்டத்தில் பருவக் காய் வந்தாலும் இதே முறைதான்: வெளியே வை, வாலில் இருந்து ஒன்று எடு, பிறகு ஒன்றைப் போடு.

வால் பக்கக் கடைசி அடுக்கின் மேல் காயை முன்னதாகவே கீழே இறக்கி அருகில் வைத்துவிடுங்கள். அவசரத்தில் கை பட்டு அது விழுந்தால் முகம் தெரிந்துவிடும்.

மாற்றுக் காய் எடுக்காமலே ஒன்றைப் போட்டுவிட்டால் கையில் ஒன்று குறையும். ஜெயிக்க நான்கு சேர்க்கையும் ஒரு ஜோடியுமாக 14 வேண்டும். குறைந்த கையோடு அந்த ஆட்டத்தில் ஜெயிக்க முடியாது. அதனால் ஒவ்வொரு முறையும் போட்ட பிறகு எண்ணிப் பாருங்கள், 13 இருக்க வேண்டும். இதில் போனஸ் காய்களைச் சேர்க்கக் கூடாது, ஒரே மாதிரி நான்கு காய் கொண்ட சேர்க்கையான காங் மூன்றாகவே கணக்கு.

மதிப்பெண் முறைக்கு முறை வேறுபடும். ஹாங்காங் முறையில் மதிப்பெண் அலகுக்கு ஃபான் என்று பெயர், பரவலாக உள்ள கணக்கு இது: உங்கள் திசை எண்ணுள்ள பருவத்துக்கு 1 ஃபான், அதே எண்ணுள்ள பூவுக்கு 1 ஃபான். அடுத்தவர் எண்ணுள்ளது வந்தால் ஃபான் இல்லை, ஆனாலும் வெளியே வைத்து மாற்ற வேண்டும். நான்கு பருவமும் ஒருவரிடம் சேர்ந்தால் 2 ஃபான். ஒரு போனஸும் இல்லாமல் ஜெயித்தாலும் 1 ஃபான் உண்டு. இந்த ஃபான் எல்லாம் ஜெயித்தவருக்கு மட்டுமே. பருவக் காயை நம்பிக் கையை மெதுவாகக் கட்டுவது வீண் வேலை, ஏனென்றால் அதை வரவழைக்க உங்களால் எதுவும் செய்ய முடியாது.

1998-ல் சீனாவில் வகுத்த போட்டி விதிகளில் இருக்கைக் கணக்கே கிடையாது. எந்த போனஸ் காயானாலும் 1 புள்ளி. ஜெயிக்கத் தேவையான குறைந்தபட்ச 8 புள்ளிகளில் அது சேராது, அதைத் தாண்டிய பிறகே கூட்டப்படும். போனில் தனியாக ஆடும் மாஜாங் சாலிடேரில் எந்தப் பருவத்தோடும் எந்தப் பருவமும் ஜோடி சேரும். அந்தப் பழக்கத்தை மேசைக்குக் கொண்டுவராதீர்கள். ரீச்சி என்ற ஜப்பானிய முறையில் ஆடுவதானால் 8 போனஸையும் டப்பாவிலேயே விட்டுவிட்டு, ஆளுக்கு 18 அடுக்குக்குப் பதிலாக 17 அடுக்கு மதில் கட்டுங்கள்.