டொக்டர் கடிதம் வரும்வரை காத்திருக்காதீர்கள்

ஆட்டிசம் (பழகுவதிலும் புலன்களால் உணர்வதிலும் வேறுபட்ட தன்மை), ஏடிஎச்டி (கவனத்தை நிறுத்திவைக்கச் சிரமப்படும் தன்மை), டிஸ்லெக்சியா (வாசிப்பதும் எழுதுவதும் சிக்கலாகும் தன்மை) உள்ளவர்கள் நம் வேலைத்தளத்தில் யாரும் இல்லை என்று நினைப்பதுதான் முதல் தவறு. இலங்கை மலையகத்தில் இன்று நாற்பது வயதைத் தாண்டிய ஒருவருக்குச் சிறுவயதில் இதற்கான பரிசோதனை நடந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. "படிப்பு ஏறாதவன்", "அடங்காதவள்", "ஒரு மாதிரி" என்ற பெயரோடு வளர்ந்து, அதே பெயரோடு வேலைக்கும் வந்திருப்பார். அவரிடம் போய் "டொக்டர் கடிதம் கொண்டுவா, பிறகு பார்க்கலாம்" என்றால் அந்தப் 'பிறகு' வரப்போவதில்லை. சொன்ன வேலையை எழுதிக் கொடுப்பதற்குக் கடிதம் எதற்கு?

சட்டம் இருக்கிறதே என்பார்கள். இயலாமையுள்ளவர்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டி வேலையில் பாகுபாடு செய்வதைத் தடுக்கிறது. ஆனால் அது இயலாமைக்குத் தரும் வரைவிலக்கணம், வாழ்க்கைத் தேவைகளைத் தானே நிறைவேற்றிக்கொள்ள முடியாத நிலையை வைத்தே எழுதப்பட்டது. தினமும் ஹட்டனுக்கு பஸ் ஏறிக் கடைக்கு வேலைக்குப் போகும் பிள்ளை அதில் அடங்குமா என்று நாள் முழுக்க வாதாடலாம். 2016இல் இலங்கை ஏற்று உறுதிப்படுத்திய இயலாமையுள்ளவர்களின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தின் 27ஆம் உறுப்புரை, வேலைத்தளத்தில் நியாயமான வசதி செய்து கொடுக்கச் சொல்கிறது. அந்த வசதிகளில் பல, காசு செலவில்லாதவை.

நேர்முகப் பரீட்சையில் கண்ணைப் பார்த்துப் பேசாதவரைத் தள்ளிவிடுவது அடுத்த தவறு. தோட்டத்தை நடத்தும் துரைக்கு முன்னால் தலை நிமிர்ந்தால் திமிர் என்று சொல்லப்பட்ட தோட்டங்களின் பிள்ளைகளிடம், இப்போது நிமிர்ந்து பார்த்தால்தான் வேலை என்கிறோம்! ஆட்டிசம் உள்ள பலருக்குக் கண்ணைப் பார்ப்பதும் பதிலை யோசிப்பதும் ஒரே நேரத்தில் முடியாது. பில் போடத் தெரியுமா என்பதை பில் போடச் சொல்லிப் பாருங்கள்.

அதிகம் நடக்கும் தவறு வேலை சொல்லும் விதத்தில்தான். தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் எந்த மலை, எந்த நிரை, எத்தனை கிலோ என்று ஒரே மூச்சில் சொல்லி முடிப்பதைப் போலவே, டவுன் அலுவலகங்களிலும் நடந்துகொண்டே நாலு வேலை சொல்கிறார்கள். ஏடிஎச்டி உள்ளவருக்கு மூன்றாவது வேலை வரும்போது முதலாவது போய்விடும். அவருக்கு எழுதிக் கொடுங்கள். டிஸ்லெக்சியா உள்ளவருக்கோ எழுத்துதான் சிக்கல். கூட்டம் சிங்களத்தில், படிவம் ஆங்கிலத்தில், வாடிக்கையாளர் தமிழில் என்று மூன்று எழுத்துகளோடு மல்லுக்கட்டும் அவருக்கு வட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பினால் போதும். எல்லாருக்கும் ஒரே மருந்து கிடையாது. "எப்படிச் சொன்னா உங்களுக்கு லேசு?" என்று கேட்டுவிடுவதே நல்லது. எழுத்துப் பிழையை குழுவில் எல்லாருக்கும் முன் திருத்துவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

சத்தத்தை "பழகிடும்" என்று ஒதுக்காதீர்கள். ஒலி, ஒளி, மணம் ஆகியவற்றுக்கு அளவு மீறிக் கூசுவதை, 2013இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகவே சேர்த்திருக்கிறது. தேயிலை ஸ்டோரில், அதாவது தோட்டத் தொழிற்சாலையில், ரோலரை நிறுத்த முடியாது, காதடைப்பான் கொடுக்கலாம். பக்கெட் போடும் அறையில் ஸ்பீக்கரில் அலறும் பாட்டை நிறுத்தலாம்.

ஆட்டிசம் என்றதும் கணக்கில் புலி என்று எண்ணி ஸ்டொக் முழுவதையும் ஒருவர் தலையில் கட்டுவதும் தவறு. பாவம் என்று பதவி உயர்வைக் கொடுக்காமல் விடுவதும் அதே அளவு தவறு.

தனக்கு இப்படி ஒன்று இருக்கிறது என்று ஒருவர் நம்பிச் சொன்ன விஷயத்தை வெளியே விடுவதைத்தான் நான் எல்லாவற்றிலும் மோசமானது என்பேன். காலையில் ஒப்பீசில் சொன்னது மாலையில் தோட்ட வீடுகள் வரிசையாக இருக்கும் லயம் முழுக்கத் தெரிந்துவிடும் ஊர் இது. தங்கைக்கு வரும் மாப்பிள்ளை வீட்டார் வரைக்கும் அது போகும். இது யாருக்குத் தெரியலாம் என்று சொன்னவரிடமே கேளுங்கள். ஒருவருக்கும் வேண்டாம் என்றால், சுப்பர்வைசருக்குக்கூடக் காரணம் போகக் கூடாது. "இவருக்கு வேலையை எழுதிக் கொடுங்க" என்பது மட்டும் போகட்டும்.