எஸ்பிரெசோவுக்குக் கொட்டை வாங்கும்போது பையில் எதைப் பார்ப்பது?

எஸ்பிரெசோ மெஷின் வாங்கியாயிற்று. அடுத்தது காப்பிக் கொட்டை. ஒரு பையில் மல்லிகை மணம் என்கிறார்கள், இன்னொன்றில் சாக்லேட், மூன்றாவதில் பெர்ரிப் பழம். எதை எடுப்பது?

நான் முதலில் எடுத்தது எத்தியோப்பியக் கொட்டை, இள வறுவல். எலுமிச்சை, மல்லிகை என்று பையில் போட்டிருந்தது. மல்லிகை கடைசிவரை வரவே இல்லை. எலுமிச்சை மட்டும் வந்தது, பல் கூசுகிற அளவுக்கு. மூன்று நாள் மெஷினைத் திட்டித் தீர்த்தேன். பாவம், அதன் மேல் தப்பே இல்லை. அது நல்ல கொட்டைதான். ஆனால் முதல் வாரத்தில் கையில் எடுக்கிற கொட்டை இல்லை.

தொடங்கும் முன் ஒரு விஷயம். ‘எஸ்பிரெசோ கொட்டை’ என்று தனி இனம் எதுவும் கிடையாது. எஸ்பிரெசோ என்பது காப்பி இறக்கும் முறை. நைசாக அரைத்த தூள் வழியாக, சுமார் 9 பார் அழுத்தத்தில் வெந்நீர் பாய்ந்து, 25 முதல் 30 நொடிக்குள் வேலை முடிந்துவிடும். பையில் அந்தப் பெயர் இருந்தால், வறுத்தவர் இந்த முறையை மனதில் வைத்து வறுத்திருக்கிறார் என்று அர்த்தம். புதிதாக வாங்குபவர்கள் அதை நம்பி எடுக்கலாம்.

படி 1: பால் சேர்ப்பீர்களா?

இதை முதலில் முடிவு செய்யுங்கள். பாலுக்கு முன்னால் பூ மணமும் மெல்லிய பழச் சுவையும் நிற்காது. சாக்லேட், வறுத்த பருப்பு, கேரமல் என்று எழுதிய கொட்டைதான் பாலைத் தாண்டித் தெரியும். பால் இல்லாமல் குடிப்பவர்களுக்கு எல்லா வகையும் திறந்திருக்கிறது. ஆனாலும் முதல் பைக்கு என் சிபாரிசு அதே சாக்லேட் பக்கம்தான்.

படி 2: வறுவலின் நிறம்

இள வறுவல் கொட்டை கெட்டியானது, அதற்குள்ளிருந்து சுவையை இறக்குவது கஷ்டம். இன்னும் நைசாக அரைக்க வேண்டும், தண்ணீர் இன்னும் சூடாக வேண்டும். கிரைண்டர் சுமாரானது என்றால் புளிப்பு மட்டுமே கோப்பைக்கு வந்து சேரும். எனக்கு நடந்தது அதுதான்.

அப்புறம் நான் நேர் எதிர்ப்பக்கம் ஓடினேன். கன்னங்கரேல் என்று எண்ணெய் மினுக்கும் கொட்டையை வாங்கினேன். பார்க்க அழகு. இரண்டே வாரத்தில் கிரைண்டரின் வாயில் தூள் பிசுபிசுவென்று அப்பிக்கொண்டு, அரைத்தால் கீழே விழ மறுத்தது. பல் குத்தும் குச்சியால் சுரண்டி எடுத்தேன். கிரைண்டர் மெஷினுக்குள்ளேயே இருக்கிற வகை உங்களுடையது என்றால் இன்னும் கவனமாக இருங்கள், கழற்றிச் சுத்தம் செய்வது பெரும்பாடு.

ஆக, நடு வறுவல், அல்லது அதிலிருந்து ஒரு படி கறுப்பு. சந்தேகமாக இருந்தால் நாலு கொட்டையை டிஷ்யூ காகிதத்தில் வைத்து விரலால் அழுத்திப் பாருங்கள். அங்கங்கே ஒரு புள்ளி எண்ணெய் ஒட்டினால் பரவாயில்லை. காகிதமே நனைந்த மாதிரி ஆனால் வேண்டாம்.

படி 3: வறுத்த தேதி

மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். பையைத் திருப்பி, வறுத்த தேதி இருக்கிறதா என்று பாருங்கள். ‘இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்’ என்பது வேறு. அது ஒரு வருடம் தள்ளிக்கூட இருக்கும், எப்போது வறுத்தார்கள் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. வறுத்த தேதியே போடாத பையை நான் வாங்குவதில்லை.

புதிது என்றால் நல்லதுதானே, நேற்று வறுத்ததையே வாங்கிவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் ஒரு சிக்கல். வறுத்த கொட்டைக்குள் கரியமில வாயு நிறைய அடைபட்டிருக்கும், அது நாள்கணக்கில் மெதுவாக வெளியேறும். பையின் முன்பக்கம் பொத்தான் மாதிரி இருக்கும் வால்வு அதற்காகத்தான். உள்ளேயிருந்து வாயு வெளியே போகும், வெளிக்காற்று உள்ளே வராது. வாயு நிறைய இருக்கும்போதே காப்பி இறக்கினால் நுரை பொங்கி நிற்கும், கீழே திரவம் சீராக இறங்காது, சுவையும் காரலாக இருக்கும். ஒன்று முதல் இரண்டு வாரம் ஆறவிட்டுப் பையைத் திறங்கள். கறுப்பு வறுவல் சீக்கிரம் தயாராகும், இள வறுவலுக்குக் கூடுதல் நாள் பிடிக்கும்.

ஐந்தாறு வாரம் தாண்டிய கொட்டையைக் கோப்பையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். க்ரீமா என்கிற அந்தப் பொன்னிற நுரை மெல்லிசாகி, ஒரு நிமிடத்தில் கலைந்துவிடும்.

படி 4: அரபிகாவா, ரொபஸ்டாவா?

இரண்டும் காப்பிச் செடியின் இனங்கள். ரொபஸ்டாவில் காஃபின் ஏறக்குறைய இரு மடங்கு, கசப்பும் அதிகம், க்ரீமா தடிமனாக வரும். அரபிகாவில் இனிப்பும் மணமும் கூடுதல். ‘100 சதவீதம் அரபிகா’ என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம், மட்டமான அரபிகாவும் உண்டு. இத்தாலியப் பாணி கலவைகளில் கொஞ்சம் ரொபஸ்டா சேர்ப்பது காலங்காலமாக நடப்பது. பாலோடு குடிப்பவர்களுக்கு அப்படிப்பட்ட கலவை நன்றாகவே பொருந்தும்.

படி 5: எந்த நாடு?

முதல் பைக்கு இதில் அதிகம் யோசிக்க வேண்டாம். பிரேசில் கொட்டை பொதுவாகப் பருப்புச் சுவை, புளிப்பு குறைவு. அதை அடிப்படையாக வைத்த கலவை கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 6: எவ்வளவு வாங்குவது?

ஒரு டபுள் ஷாட்டுக்கு, அதாவது இரட்டை அளவு எஸ்பிரெசோவுக்கு, 18 கிராம் என்றால் 250 கிராம் பையில் 13 முறை போடலாம். அரைவையைச் சரி செய்வதிலேயே முதல் மூன்று நான்கு வீணாகப் போகும். அதனால் ஒரே கொட்டையில் இரண்டு பை வாங்குங்கள். இரண்டாவதைக் காற்றுப் புகாமல் மூடி ஃப்ரீசரில் வைக்கலாம். எடுத்தால் அறை வெப்பத்துக்கு வந்த பிறகுதான் திறக்க வேண்டும், இல்லையென்றால் கொட்டை மேல் ஈரம் படியும். தூளாக வாங்க வேண்டாம், அரைவையை மாற்ற முடியாமல் போய்விடும்.

முதல் நாள் 18 கிராம் தூளுக்கு 36 கிராம் காப்பி இறக்கிப் பாருங்கள், தராசில் வைத்தே. 15 நொடியில் கடகடவென்று கொட்டிப் புளித்தால் இன்னும் நைசாக அரையுங்கள். 40 நொடி ஆகியும் சொட்டுச் சொட்டாக விழுந்து கசந்தால் கொஞ்சம் பருபருவென்று அரையுங்கள். நேரம் 30 நொடிக்குப் பக்கத்தில் வந்த பிறகும் புளிக்கிறதா? அப்போதுதான் கொட்டையைச் சந்தேகப்பட வேண்டும். அடுத்த பை ஒரு படி கறுப்பாக இருக்கட்டும்.